நடந்தால் கால் பிடிக்கிறதா? கால் ரத்தக்குழாய் அடைப்பும் மெட்டபாலிக் சிண்ட்ரோமும்: முழுமையான வழிகாட்டி

கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுகப் பிடித்துக்கொள்கிறது. நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது. மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர் இப்படிச் சொன்னால் வீட்டில் கிடைக்கும் பதில்கள் நமக்குத் தெரிந்தவைதான்: வாய்வுப் பிடிப்பு, மூட்டுத் தேய்மானம், நரம்பு இழுக்குது, வயசாச்சுல்ல. தைலம் தேய்த்து, வலி மாத்திரை போட்டு, கடைக்கும் கோயிலுக்கும் போவதைக் குறைத்துக்கொண்டு ஒன்றிரண்டு வருடங்களை ஓட்டிவிடுகிறார்கள். அதற்குள் அடைப்பு முற்றிவிடலாம்.

காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து பாதை குறுகுவதுதான் புறத்தமனி நோய். டாக்டர் சீட்டில் ‘பிஏடி’ என்று எழுதியிருக்கும். இது தனியாக வருவது குறைவு. தொப்பை, சர்க்கரை, பிரஷர், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, குறைந்த எச்டிஎல் (நல்ல கொழுப்பு) ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து வரும் நிலைக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்த பெரிய ஆய்வில், கால் அடைப்பு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது இருந்தது. இதய அடைப்பு உள்ளவர்களில்கூட அது பத்துக்கு நான்கு பேர் அளவில்தான். சென்னையில் நடத்தி 2000-ல் வெளியிட்ட ‘கப்ஸ்’ ஆய்வில் கால் அடைப்பு பொதுவாக 3.2 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்தால் 6.3 சதவீதம் பேருக்கும் இருந்தது.

இரண்டும் சேர்ந்து வரக் காரணம் இருக்கிறது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது ரத்தக்குழாயின் உட்பூச்சு, குழாயை விரியவைக்கும் நைட்ரிக் ஆக்சைடை முன்போல் சுரப்பதில்லை. குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. கல்லீரல் ட்ரைகிளிசரைடை அதிகமாக அனுப்ப, கெட்ட கொழுப்பான எல்டிஎல் துகள்கள் சிறிதாகி, சுவருக்குள் நுழைவது சுலபமாகிறது. காலில் நடக்கும் இதே வேலை இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாய்களிலும் நடந்துகொண்டிருக்கும். கால் அடைப்பு உள்ளவர்களில் காலை இழப்பவர்களைவிட மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் உயிரை இழப்பவர்கள் அதிகம். அதனால், காலில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவது பாதி வைத்தியம்தான்.

முதலில், காத்திருக்கக் கூடாதவை

மற்ற படிகளுக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு கால் திடீரென்று ஜில்லிட்டு, வெளுத்து, மரத்து, கடுமையாக வலித்தால், விரல்களை அசைக்க முடியாமல் போனால், குழாய் முழுவதுமாக அடைத்திருக்கலாம். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் தசையும் நரம்பும் மீள்வது கடினம். 108-க்குக் கூப்பிட்டு, ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ஒத்தடம் கொடுக்காதீர்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள்.

இரவில் படுத்தால் பாதம் வலிக்கிறது, கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டால் குறைகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருக்கிறது, விரல் கறுக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். ஓரிரு நாளில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

படி 1: வலி எந்த வகை என்று கவனியுங்கள்

ரத்த ஓட்டக் குறைவால் வரும் வலி நடக்கும்போது மட்டும் வரும்; சும்மா நின்றாலே பத்து நிமிடத்துக்குள் போய்விடும். பெரும்பாலும் கெண்டைக்காலில், அடைப்பு மேலே இருந்தால் தொடையிலோ பிட்டத்திலோ வரும். முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்படுவதால் வரும் வலி நின்றால் போகாது; உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். சர்க்கரையால் நரம்பு பாதித்த எரிச்சல், நடந்தாலும் நடக்காவிட்டாலும் இருக்கும், இரவில் கூடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பல வருடங்களாகச் சர்க்கரை உள்ளவருக்கு உணர்வு மங்கிவிடுவதால் அடைப்பு இருந்தும் வலி தெரியாமல் போகலாம். முதல் அறிகுறியே ஆறாத புண்ணாக இருக்கும். அதனால் சர்க்கரையும் தொப்பையும் பிரஷரும் சேர்ந்து இருப்பவர், குறிப்பாகப் பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர், வலி இல்லாவிட்டாலும் அடுத்த படிக்குப் போவது நல்லது.

இன்னொரு குழப்பம் நரம்புச் சுருட்டல். அது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளின் நோய், இது தமனிகளின் நோய். கால் வலி என்றதும் மருந்துக்கடையில் இறுக்கமான காலுறை வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. தமனி அடைப்பு உள்ள காலில் அது வரும் கொஞ்ச ரத்தத்தையும் தடுத்துவிடும். தமனியைப் பரிசோதிக்காமல் அந்தக் காலுறையைப் போடவே கூடாது.

படி 2: ஏபிஐ எடுத்துக்கொள்ளுங்கள்

ஏபிஐ என்பது கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் பரிசோதனை. இதற்கு ஊசி கிடையாது, வலி கிடையாது. நீங்கள் ஐந்து பத்து நிமிடம் படுத்திருக்க வேண்டும். இரண்டு கைகளிலும் பிரஷர் பார்ப்பார்கள். அப்புறம் கணுக்காலுக்கு மேலே பட்டையைச் சுற்றி, பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் ஜெல் தடவி, பேனா போன்ற டாப்ளர் கருவியை வைத்து, நாடி ஒலி திரும்பக் கேட்கும் அழுத்தத்தைக் குறிப்பார்கள். கணுக்காலின் இரண்டு எண்களில் பெரியதை, கைகளில் கிடைத்த பெரிய எண்ணால் வகுத்தால் வருவதுதான் ஏபிஐ. கையில் 150, வலது கணுக்காலில் 105 என்றால் அந்தக் காலுக்கு 0.70.

1.00 முதல் 1.40 வரை இயல்பு. 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு. 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு என்று கொள்ளலாம். 1.40-க்கு மேல் வந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை நோயிலும் சிறுநீரக நோயிலும் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி விறைத்துப்போவதால் பட்டை அழுத்தினாலும் குழாய் அமுங்காது, எண் பொய்யாக ஏறிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்த்து, அதைக் கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். அந்த விகிதம் 0.70 அல்லது குறைவு என்றால் அடைப்பு. நடந்தால் தெளிவாகப் பிடிக்கிறது, ஆனால் ஏபிஐ இயல்பு என்றால், நடக்கவைத்து உடனே மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டிலுள்ள பிரஷர் மெஷினைக் கணுக்காலில் கட்டிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அடைப்புள்ள காலில் அது நம்பத்தக்க எண்ணைத் தராது.

படி 3: ஐந்து எண்களையும் ஒரே தாளில் எழுதுங்கள்

பெரும்பாலான வீடுகளில் சர்க்கரை ரிப்போர்ட் ஒரு பையிலும் கொழுப்பு ரிப்போர்ட் இன்னொரு பையிலும் இருக்கும். இடுப்பளவு எங்குமே இருக்காது. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் புரியும். இவற்றில் மூன்று இருந்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம்:

- இடுப்பளவு: தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ. அல்லது அதிகம், பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதிகம்
- ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல்
- எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்குக் கீழ், பெண்களுக்கு 50-க்குக் கீழ்
- பிரஷர் 130/85 அல்லது அதற்கு மேல், அல்லது பிரஷர் மாத்திரை சாப்பிடுவது
- வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், அல்லது சர்க்கரைக்கு மருந்து எடுப்பது

இடுப்பளவைப் பேன்ட் சைஸிலிருந்து சொல்லாதீர்கள். நம் ஆட்கள் வேட்டியையும் பேன்ட்டையும் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறார்கள். 34 பேன்ட் போடுபவருக்கு உண்மையான அளவு 40 அங்குலமாக இருக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, சட்டையை விலக்கி, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, டேப் தோலைத் தொடும் அளவுக்கு மட்டும் வைத்து அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்தால் அளவு தப்பிவிடும்.

இவற்றோடு எல்டிஎல், மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் ஆகியவற்றையும் அதே தாளில் சேருங்கள். இந்த ஒரு தாள் எந்த டாக்டரிடம் போனாலும் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

படி 4: புகையிலையை விடுவது

கால் அடைப்புக்கு இதைவிடப் பெரிய சிகிச்சை கிடையாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பீடிதான் என்பதும் தீங்குதான். புகைப்பதைத் தொடர்பவருக்குப் போட்ட பைபாஸ் குழாயும் சீக்கிரம் அடைகிறது. ஹான்ஸ், குட்கா போன்றவற்றுக்கு மாறுவதும் தீர்வல்ல. நிக்கோட்டின் சூயிங்கம், பட்டை, வரெனிக்ளின் மாத்திரை ஆகியவை டாக்டர் மேற்பார்வையில் உதவும். 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். நாற்பது வயதுக்குள் புகைப்பழக்கத்தோடு விரல் நுனியில் புண் வந்தால் அது புகையிலையால் கை கால்களின் ரத்தக்குழாய்கள் வீங்கி அடைபடும் பர்ஜர் நோயாகவும் இருக்கலாம். அதில் புகையிலையை முழுக்க விடுவதுதான் காலைக் காப்பாற்றும் முதல் வழி.

படி 5: வலிக்கும்வரை நடங்கள்

நடந்தால் வலிக்கிறது, அதனால் நடக்காதே என்பதுதான் வீட்டில் அக்கறையோடு சொல்லப்படும் அறிவுரை. பாதத்தில் புண்ணோ, படுத்திருக்கும்போது வலியோ இல்லாதவருக்கு அந்த அறிவுரை தவறு. முறையாக நடப்பது மருந்துக்குச் சமம். இடுப்புப் பகுதித் தமனியில் அடைப்பு உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2012-ல் வெளியான ‘கிளெவர்’ ஆய்வில், மேற்பார்வையோடு ஆறு மாதம் பயிற்சி செய்தவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களைவிட டிரெட்மில்லில் அதிக நேரம் நடந்தார்கள்.

மெதுவாக, வலி வராமல் நடந்தால் போதாதா? 2021-ல் வெளியான ‘லைட்’ ஆய்வு இதைத்தான் சோதித்தது. வலி வரும் வேகத்தில் நடந்தவர்களுக்கு முன்னேற்றம் கிடைத்தது. வலி வராத வேகத்தில் நடந்தவர்கள், பயிற்சியே செய்யாதவர்களைவிட மேம்படவில்லை. வலி வரும் அளவுக்குத் தசையை வேலை வாங்கும்போதுதான் அது குறைந்த ஆக்சிஜனில் அதிக வேலை செய்யப் பழகுகிறது, சிறு ரத்தக்குழாய்களும் பெருகுகின்றன.

தொடங்கும் முன் இதயத்தைப் பரிசோதித்து டாக்டரிடம் அனுமதி வாங்குங்கள். பிறகு, சமதளத்தில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். மொட்டைமாடி, பூங்கா, பள்ளி மைதானம், எதுவும் சரி. நடுவே உட்கார இடம் வேண்டும். சாதாரண வேகத்தைவிடக் கொஞ்சம் வேகமாக நடங்கள். வலியை ஐந்துக்கு மதிப்பெண் போட்டால் மூன்று நான்கு வரும்வரை நில்லாமல் நடங்கள். அங்கே நின்றுவிடுங்கள், அல்லது உட்காருங்கள். வலி முழுவதும் போனதும் மறுபடி நடங்கள். இப்படி நடையும் ஓய்வுமாக முதலில் 30 நிமிடம். வாரம் மூன்று நாளாவது. சில வாரங்களில் 45 முதல் 60 நிமிடம்வரை கூட்டுங்கள். குறைந்தது 12 வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம். பலர் நிறுத்துவது அப்போதுதான்.

தூரத்தைத் தெருவிளக்குக் கம்பங்களை வைத்தே கணக்கிடலாம். எத்தனையாவது கம்பத்தில் முதல் வலி, எத்தனையாவதில் நின்றேன் என்று நோட்டில் குறித்து வாருங்கள். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுகினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ அன்றைய நடையை நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள்.

நடக்கவே முடியாதவர்களுக்குக் கையால் சுற்றும் சைக்கிள் பயிற்சி உண்டு. அதுவும் நடைதூரத்தைக் கூட்டும்.

படி 6: தட்டில் மாற்ற வேண்டியவை

ட்ரைகிளிசரைடு கூடுதல் என்றதும் எல்லாரும் எண்ணெயைத்தான் குறைக்கிறார்கள். நம் சாப்பாட்டில் அதை ஏற்றுவதில் பெரிய பங்கு அரிசிக்கும் சர்க்கரைக்கும் மதுவுக்கும்தான். காலையில் இட்லி, மதியம் சோறு, சாயங்காலம் டீயோடு பிஸ்கட்டோ பஜ்ஜியோ, ராத்திரி தோசை என்று ஓடும் நாளில் மாவுச்சத்துதான் நிறைந்திருக்கிறது.

தட்டில் பாதியைப் பொரியல், கூட்டு, கீரை நிரப்பட்டும். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்றவை. மீதிக் கால் பங்குதான் சோறு. பொரியலை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். மத்தி, அயிலை, நெத்திலி வாரம் இரண்டு முறை குழம்பாக நல்லது, பொரித்து வேண்டாம். ஸ்பெயினில் நடந்த ‘பிரெடிமெட்’ ஆய்வில், ஆலிவ் எண்ணெயோ பருப்புக் கொட்டைகளோ சேர்த்த மத்தியதரைக்கடல் உணவை உண்டவர்களுக்குப் புதிதாகக் கால் அடைப்பு வருவது குறைந்தது. நமக்கு ஒரு கைப்பிடி உப்பில்லாத வேர்க்கடலை எட்டும் தூரத்தில் இருக்கிறது.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. கம்பும் கேழ்வரகும் நல்லவைதான், ஆனால் அவற்றிலும் மாவுச்சத்து உண்டு. கூழாகவும் கஞ்சியாகவும் நிறையக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். செக்கு எண்ணெயும் அப்படித்தான். அதன் கலோரி மற்ற எண்ணெயின் கலோரியேதான், அளவில்தான் விஷயம்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் இருக்கும் வீட்டில் இந்த அளவு காலையிலேயே தாண்டிவிடும். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ஐந்து எண்களும் நகரத் தொடங்கும். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ.

படி 7: மருந்துகளைப் புரிந்துகொண்டு சாப்பிடுங்கள்

எதையும் நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. ஆனால் எது எதற்கு என்று தெரிந்திருந்தால் விடாமல் சாப்பிடுவீர்கள்.

ஸ்டாட்டின். கால் அடைப்பு உறுதியான எல்லாருக்கும், கொலஸ்ட்ரால் எண் எப்படி இருந்தாலும், இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டின் அல்லது ரோசுவாஸ்டாட்டின் அதிக அளவில் தருவார்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல்படி எல்டிஎல் 55-க்குக் கீழே இறங்க வேண்டும்; இறங்காவிட்டால் எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்ப்பார்கள். ஸ்டாட்டின் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டலாம் என்பது உண்மை. ஆனால் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதில் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரியது. தசை வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ மாற்றலாம். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, அதற்குத் தனி மருந்து தேவைப்படும்.

ரத்தம் உறையாமல் தடுப்பவை. அறிகுறி உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல். ரத்தக்கசிவு ஆபத்து குறைவாக உள்ள சிலருக்கு ஆஸ்பிரினோடு ரிவரோக்சபான் 2.5 மி.கி. தினம் இருமுறை தருவதுண்டு. 2017-ல் வந்த ‘காம்பஸ்’ ஆய்வில் இந்தக் கூட்டு, கால் சார்ந்த பெரிய பாதிப்புகளைக் குறைத்தது, ரத்தக்கசிவையும் கூட்டியது. பல் பிடுங்கப் போனாலும் இந்த மருந்து சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

பிரஷர். இலக்கு 130/80-க்குக் கீழ். ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்றவை அடிக்கடி தரப்படும். கால் அடைப்பு உள்ளவருக்குச் சிறுநீரகத் தமனியிலும் அடைப்பு இருக்கக்கூடும் என்பதால், தொடங்கிய ஓரிரு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சர்க்கரை. பெரும்பாலோருக்கு எச்பிஏ1சி 7-க்குக் கீழ் இலக்கு, முதியவர்களுக்குத் தளர்த்துவார்கள். சர்க்கரை நோயும் கால் அடைப்பும் உள்ளவர்களிடம் செமாகுளுடைடு வார ஊசியைச் சோதித்த ‘ஸ்ட்ரைடு’ ஆய்வு 2025-ல் வெளியானது. ஒரு வருடத்தில் செமாகுளுடைடு போட்டவர்களின் அதிகபட்ச நடைதூரம், மருந்தில்லா ஊசி போட்டவர்களைவிட 13 சதவீதம் கூடியிருந்தது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகள் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. அவற்றில் கனாகிளிஃப்ளோசின் 2017-ல் ஓர் ஆய்வில் விரல் அகற்றும் நிலையைக் கூட்டியதாகத் தெரிந்தது, 2019-ல் வந்த ஆய்வில் அப்படித் தெரியவில்லை. காலில் புண் இருக்கும்போது இவ்வகை மருந்தைத் தொடரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிலோஸ்டசால். இது நடைதூரத்தைக் கூட்டும் மாத்திரை. சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் எடுக்கவே கூடாது.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்தச் செவிலியரிடம் காலையும் காட்டுங்கள்.

படி 8: தினமும் பாதத்தைப் பாருங்கள்

இரவு படுக்கும் முன் வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும், விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் பாதத்தில் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணிக்காலை பிளேடால் சீவுவதும், மருந்துக்கடையில் கிடைக்கும் ஆணிப் பிளாஸ்திரியை ஒட்டுவதும் ரத்த ஓட்டம் குறைந்த காலில் விபரீதமாகும். அந்தப் பிளாஸ்திரியில் இருப்பது அமிலம். புண்ணில் மஞ்சள்தூள், காப்பித்தூள், பற்பசை எதையும் வைக்காதீர்கள்.

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். குதிகால் பட்டையுள்ள எம்சிஆர் (மெத்தென்ற ரப்பர்) செருப்பு நல்லது. சித்திரை வெயிலில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றி, உணர்வில்லாத பாதம் கொப்பளித்துப்போவது இங்கே வழக்கமாக நடப்பது. அதிகாலையிலோ சாயங்காலத்திலோ போங்கள், தடிமனான காலுறை அணிய அனுமதி கேளுங்கள்.

படி 9: ஸ்டென்ட், பைபாஸ் எப்போது

மருந்தும் பயிற்சியும் முறையாகச் செய்தும் அன்றாட வேலையும் பிழைப்பும் நடக்கவில்லை என்றால், அல்லது ஓய்வில் வலி, புண், அழுகல் வந்துவிட்டால், ஆஞ்சியோ எடுத்து பலூன், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் பற்றி முடிவெடுப்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு முழங்காலுக்குக் கீழேயுள்ள சிறு குழாய்களில் அடைப்பு அதிகம் என்பதால் சிகிச்சை கடினமாகலாம். காலை எடுக்க வேண்டும் என்று ஓரிடத்தில் சொன்னால், ரத்த ஓட்டத்தை மீட்க வழி உண்டா என்று ரத்தக்குழாய் நிபுணரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான கிருமித்தொற்று இருந்தால் மட்டும் தாமதிக்க முடியாது. ஆஞ்சியோவுக்கு முன் கிரியாட்டினின் எண்ணையும், மெட்ஃபார்மின் சாப்பிடுவதையும் சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும்போதே காட்டிவிடுங்கள்.

அதற்குப் பிறகும் படி 4 முதல் 8 வரை எல்லாம் தொடரும். எச்பிஏ1சி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மருந்தை மாற்றினால் 4 முதல் 12 வாரத்தில் கொழுப்புப் பரிசோதனை. இடுப்பளவு மாதம் ஒருமுறை, அதே டேப்பில். ஏபிஐ வருடம் ஒருமுறை. பழைய எண்ணிலிருந்து 0.15 அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் அடைப்பு கூடியிருக்கிறது என்று கொண்டு, அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.